கிளாஸ்கோவில் எட்டு நாள்: ஒரு தடித்த ஜக்கெட்டா, மூன்று மெல்லிய உடுப்பா?

அக்காவின் மகளுக்குக் கிளாஸ்கோவில் கலியாணம், நவம்பர் நடுப்பகுதியில். திருகோணமலையிலிருந்து நானும் மச்சானும் எட்டு நாளுக்குப் போய் வந்தோம். ஒரே விமானம், ஒரே வீடு, ஒரே மழை. கட்டிக்கொண்டு போன பைகள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

மச்சானின் பெரிய சூட்கேசுக்குள் முழங்கால் வரைக்கும் வரும் இறகு ஜக்கெட், தடித்த சுவெற்றர் இரண்டு, டெனிம் மூன்று, தோல் சப்பாத்து, ஒரு குடை. என்னுடையது கையோடு கொண்டுபோகும் சின்னப் பை. அதில் உடம்போடு ஒட்டும் முழுக்கைத் தெர்மல் பெனியன் இரண்டு, மெல்லிய கம்பளிச் சுவெற்றர் ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, சீக்கிரம் காயும் காற்சட்டை இரண்டு, கம்பளி மேஸ் நாலு சோடி.

என் பையைப் பார்த்து மச்சான் சிரித்தான். "இதென்ன, வெங்காயத் தோல் மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு? குளிருக்கு இது காணுமே?"

அவனைக் குறை சொல்ல முடியாது. மார்கழி விடியலில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, இருபத்துநாலு பாகைக்கே காதைத் துவாயால் கட்டுகிற ஊர் எங்களுடையது. ஏழு பாகை என்று கேட்டதும் கை தன்பாட்டில் பெரிய ஜக்கெட்டைத்தான் தேடும்.

ஆனால் அங்கே ஆளை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான். மழைக் கணக்கைப் பார்த்தால் நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. திருகோணமலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர், கிளாஸ்கோவுக்குச் சுமார் 1,200, லண்டனுக்கு 600 அளவில்தான். எங்களுடையதில் பெரும்பங்கு அக்டோபர் தொடங்கித் தை வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். கடை வாசலில் ஒதுங்கி நின்று ஒரு பிளேன்டீ குடித்தால் மழை விடும். கிளாஸ்கோவில் ஆண்டில் பாதி நாளுக்குக் கிட்ட மழை, அதுவும் தூறல். ஒதுங்கி நின்று பயனில்லை. நின்றால் பின்னேரம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். நவம்பர் நடுவில் நாலு மணி தாண்டியதுமே இருட்டத் தொடங்கியும் விடுகிறது.

இரண்டாம் நாளே மச்சானின் ஜக்கெட் சோதனைக்கு வந்தது. இறகு சூடு தருவது தன் இடுக்குகளில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால். நனைந்தால் இறகு கட்டிபட்டு, காற்றுக்கு இடமில்லாமல் போகும். பிறகு அது வெறும் பாரம்தான். அவனுடையதன் மேல்துணி சாரலைத் தாங்கும், தொடர் தூறலைத் தாங்காது. மத்தியானம் தோள் இரண்டும் சப்பென்று படுத்துவிட்டன. இன்னொரு தொல்லை, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஹீட்டர் போட்டு இருபது, இருபத்தொரு பாகை. பஸ், கடை, ரயில், வீடு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உள்ளே போய் வெளியே வருகிறோம். நான் மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போடுவேன். அவன் ஜக்கெட்டைக் கைப்பிள்ளை மாதிரி தூக்கித் திரிந்தான். போட்டுக்கொண்டு நின்றால் வேர்த்து, அந்த வேர்வை வெளியே வந்ததும் குளிர்ந்தது.

அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மழையில்லாத ஓர் இரவு பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நின்றோம். அவன் சும்மா நின்றான், நான் துள்ளிக்கொண்டு நின்றேன். நடக்கும்போது மூன்று மெல்லிய உடுப்பு போதும். அசையாமல் நிற்கும்போது ஒரு பிடி குறைகிறது. பனி கொட்டும் நாட்டுக்கு, பூச்சியத்துக்குக் கீழே போகும் இடத்துக்கு என்றால் நானும் அவனுடைய ஜக்கெட்டைத்தான் கேட்டு வாங்குவேன். காய்ந்த குளிருக்கு இறகை மிஞ்ச ஒன்றுமில்லை.

குடையா, மழைக்கோட்டா என்பதில் அவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. முதல் நாள் பின்னேரமே குடை காற்றில் மறுபக்கம் மடிந்து இரண்டு கம்பி போய்விட்டது. எங்களுடைய வாடைக்காற்று காலத்தில் கடற்கரை வீதியில் குடை பிடித்துப் பார்த்தவனுக்கு இது புதினமா என்ன? அப்படியிருந்தும் குடையைத்தான் கொண்டுவந்தான். ஆனால் கலியாணத்தன்று நிலைமை தலைகீழ். பட்டு வேட்டி, சால்வைக்கு மேலே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மண்டப வாசலில் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தானின் பெரிய குடைக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

மழைக்கோட்டு வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடுகிற இடமெல்லாம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். துணி எவ்வளவு நல்லதானாலும் தண்ணீர் ஊசித்துளை வழியாகத்தான் வரும். 'வோட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் கொஞ்ச நேரம் தாங்கும், 'வோட்டர் புரூப்' என்றால்தான் நாள் முழுக்க. சிலவற்றில் 10,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அந்தத் துணி பத்து மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். அடையாளச் சீட்டு கிழிந்துபோன கோட்டு என்றால், வீட்டில் கோட்டின் கையை மடித்து முழங்கைப் பள்ளத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

உள்ளே போடுவதில் பருத்தியா, கம்பளியா என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சண்டை. ஊரில் பருத்தியைவிட நல்லது ஒன்றும் இல்லை. கச்சான் காற்று வீசும் காலத்தில் கொடியில் போட்ட டெனிம்கூட ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அக்கா வீட்டில் மச்சானின் டெனிம் காய இரண்டு நாள் எடுத்தது, அதுவும் ஹீட்டருக்கு மேலே போட்டு. மூன்று டெனிமில் எப்போதும் ஒன்று ஈரம், ஒன்று அரை ஈரம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுக்கும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஈரத்தை உறிஞ்சினாலும் தோலுக்கு நனைந்த உணர்வு தெரிவதில்லை, இரண்டு நாள் போட்டாலும் நாறுவதும் இல்லை. எட்டு நாளுக்கு நாலு சோடி மேஸ் காணும் என்று நான் துணிந்தது அதனால்தான். தோலில் கம்பளி அரிக்கிறவர்கள் உள்ளே பொலியெஸ்டர் தெர்மல் போடலாம். பருத்திப் பெனியன் மட்டும் வேண்டாம்.

சப்பாத்தில் நாங்கள் இரண்டு பேரும் தோற்றோம். அவனுடைய தோல் சப்பாத்து குடித்த தண்ணீரை எடுக்க இரவிரவாகப் பழைய பேப்பர் திணித்தோம். என்னுடைய ஓட்டச் சப்பாத்தில் வலைத்துணி, முதல் குட்டையிலேயே போச்சு. நீர்புகாத ஒரு சோடியை ஊரிலேயே வாங்கி, இரண்டு கிழமை போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும்.

எங்கே வாங்குவது? திருகோணமலைக் கடைகளில் மழைக்கோட்டு கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கானது: காற்று போகாது, உள்ளே வேர்க்கும். ஏற்றுமதியில் மிஞ்சியவை விற்கும் கொழும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் நல்லது அகப்படும். நுவரெலியா பேல் பஜாரில் ஜக்கெட் குவிந்திருக்கும், மச்சானுடையது அங்கே வாங்கியதுதான். கிளாஸ்கோவுக்குப் போய் வாங்கலாமே என்றால், வந்திறங்கிய முதல் நாள் நனைந்த பிறகுதான் கடைக்குப் போவீர்கள். எட்டு நாள் பயணத்துக்கு என் தேர்வு, தடித்த கோட்டை அங்கேயிருக்கும் சொந்தக்காரரிடம் இரவல் வாங்குவது. எந்த வீட்டிலும் அலுமாரியில் இரண்டு மூன்று சும்மா தொங்கும். மழைக்கோட்டையும் சப்பாத்தையும் மட்டும் இங்கேயே வாங்கிப் போட்டுப் பார்த்துக் கொண்டுபோங்கள். அடுத்தவர் சப்பாத்தில் ஒரு நாள் நடந்தாலே கொப்புளம் வந்துவிடும்.

பை விஷயத்தில் மட்டும் மச்சான் வென்றான் என்று சொல்ல வேண்டும். கைப்பைக்கு ஏழு கிலோதான் என்பதால் அக்கா கேட்ட மிளகாய்த்தூளும் கருவாடும் என்னால் கொண்டுபோக முடியவில்லை, எல்லாம் அவனுடைய சூட்கேசில்தான் போனது. நெய்யை நான் எடுக்கவிடவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து பாற்பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அந்த நாட்டில் அனுமதியில்லை. பவர் பேங்கை அவன் சூட்கேசுக்குள் வைத்துவிட்டு, கட்டுநாயக்காவில் பொருட்களையெல்லாம் தரையில் பரப்பித் தேடினான். அது கையோடு வர வேண்டிய சாமான். சார்ஜருக்குச் சதுர மூன்று முள் இருந்தால் அங்கேயும் அப்படியே குத்தலாம், உருண்டை முள் என்றால் அடாப்டர் வேண்டும்.

இப்போது அந்த ஜக்கெட் உப்புவெளியில் மச்சானின் அலுமாரியில் பூச்சி உருண்டையோடு தொங்குகிறது. என் மழைக்கோட்டு இந்த வாடைக்கும் மோட்டார் சைக்கிளில் என்னோடு வருகிறது. நேற்று மச்சான் அதைத்தான் இரவல் கேட்டான்.