ஜோட்டேரோ: ஆய்வேட்டுக்கு முன்பே வேண்டிய மென்பொருள்

ஆய்வேடு எழுதப் போகிற ஜூனியர் யாராவது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தலைப்புக்கு நெறியாளரைப் பார், அதற்கு முன் ஜோட்டேரோவை நிறுவு என்பேன். கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் போட்டுத் தருகிற இலவச மென்பொருள். 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாக வெளிவந்தது. இப்போது தனிச் செயலி.

எனக்கு இதில் பெரிய விஷயம் மேற்கோள் அல்ல, வாசிப்பு. பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து கோடு போடலாம். கோடிட்ட வரிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் குறிப்பாக மாற்றலாம். ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கூடவே வரும், அதைத் தட்டினால் பிடிஎஃப்பில் அதே இடம் திறக்கும். கட்டுரையின் வாதத்துக்கு மஞ்சள், எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்குச் சிவப்பு என்று வைத்திருக்கிறேன். முந்தைய ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது மஞ்சளைவிடச் சிவப்பு வரிகள்தான் கைகொடுத்தன.

கட்டுரையைச் சேர்ப்பது சுலபம். பிரவுசரில் ஜோட்டேரோ பொத்தானை அழுத்தினால், அல்லது கட்டுரைக்கென்றே உள்ள நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்தால், விவரங்கள் வந்து விழும். வந்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைச் சேர்த்தால், சில நேரம் அதை ஓர் ஆளாக நினைத்துப் பெயரை வெட்டி, பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று போட்டுவிடும். நெறியாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான்! ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானைத் தட்டி, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கி முழுப்பெயரையும் எழுதினால் சரியாகிவிடும். ஸ்கேன் செய்த பழைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் எல்லாவற்றையும் கையால்தான் நிரப்ப வேண்டும்.

பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. நீங்கள் சேர்த்த கட்டுரையை வெளியிட்ட இதழ் பின்னால் அதைத் திரும்பப் பெற்றால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். இப்படித் திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலிருந்து 2019 முதல் இந்தத் தகவல் வருகிறது. இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

குறை என்றால் இடம்தான். ஜோட்டேரோவின் சர்வரில் இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி. பிடிஎஃப்களை அங்கே சேமித்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டால் நூல் விவரங்களும் குறிப்புகளும் இந்த 300 எம்பி கணக்கில் வராமல் ஒத்திசையும். அப்போது பிடிஎஃப் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் என்பதால் தனியாக பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் வேர்டு. அதற்குள்ளிருந்தே ஜோட்டேரோ மேற்கோளைப் போடலாம். ஆய்வேடு நீள நீள, ஒரு மேற்கோள் சேர்த்தாலே கர்சர் சுற்ற ஆரம்பிக்கும். அங்குள்ள ஜோட்டேரோவின் ஆவண அமைப்பில் மேற்கோள்களின் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, அத்தியாயம் முடிந்ததும் ரெஃப்ரெஷ் கொடுங்கள். மேற்கோள் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பிரதி எடுத்த கோப்பில் மட்டும் அழுத்துங்கள். துண்டித்த கோப்பில் பட்டியல் அதன்பிறகு தானாக மாறாது.