காதில் கிளிப்பா, தலையில் பட்டையா? பிரெயின் ஃபாகுக்கு இரண்டு மின்தூண்டல்கள்

லாங் கோவிட்டில் (கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லைகள்) வரும் பிரெயின் ஃபாகுக்கு, அதாவது மறதியும் மந்தமுமாக மூளை மங்கிப்போவதற்கு, வீட்டிலேயே செய்துகொள்ளும் மின்தூண்டல் என்று தேடினால் இரண்டு வழிகள் முன்னால் வரும். ஒன்று, காது மடலில் கிளிப் மாட்டி, மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டுவது. இன்னொன்று டிடிசிஎஸ்: ஈரப் பஞ்சு மின்முனைகளைப் பட்டையால் தலையில் கட்டி, மூளையின் முன்பகுதிக்கு மெல்லிய மின்சாரம் விடுவது. நான் எடுத்தது காதுக் கிளிப், அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன். மார்பில் கருவி பதிக்கும் வேகஸ் தூண்டலுக்கு வலிப்பு நோய்க்காக 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் மறதிக்காக யாரும் அறுவை சிகிச்சை வரை போகப் போவதில்லை, அதை விட்டுவிடலாம்.

பக்கவிளைவில் பெரிய வித்தியாசம் இல்லை: தோல் சிவப்பு, அரிப்பு, லேசான தலைவலி. பேஸ்மேக்கர் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடவே கூடாது.

ஆதாரம் என்று பார்த்தால் நிலைமை கொஞ்சம் விசித்திரம். மொத்தம் 300 பேருக்கு மேல் கலந்துகொண்ட அமெரிக்காவின் ரிகவர்-நியூரோ ஆய்வில், டிடிசிஎஸ்ஸை மூளைப் பயிற்சியோடு சேர்த்துச் சோதித்தார்கள். போலி மின்சாரம் பெற்றவர்களைவிட நிஜ மின்சாரம் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. காதுத் தூண்டலில், 2024-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு 24 பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. 10 நாள் தூண்டலில் சிந்தனைத் திறனும் தூக்கமும் மேம்பட்டன, பதற்றம் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலித் தூண்டல் பெற்ற குழு கிடையாது. அதாவது டிடிசிஎஸ் பெரிய பரீட்சை எழுதித் தோற்றது, கிளிப் அவ்வளவு பெரிய பரீட்சையில் இன்னும் உட்காரவே இல்லை. எழுந்து நின்றால் இதயம் படபடக்கும் பாட்ஸ் தொல்லைக்கு மட்டும், போலிக் குழுவோடு செய்த ஒரு சிறு சோதனையில் காதுத் தூண்டல் பலன் காட்டியது. பாட்ஸ் பெண்களுக்கே அதிகம் வருவது, லாங் கோவிட்டோடும் ஒட்டிக்கொண்டு வருவது என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது.

இருந்தாலும் என்னை முடிவெடுக்க வைத்தது ஆய்வுகள் இல்லை. கருவியைத் தினமும் இயக்கப் போவது அந்த மந்தமான மூளையேதான். டிடிசிஎஸ்ஸுக்குப் பஞ்சை உப்புநீரில் நனைக்க வேண்டும், அளவாக. கூடினால் நெற்றியில் வழியும், குறைந்தால் சுரீரென்று குத்தும். அடர்த்தியான கூந்தலை வகிடு பிரித்து, தோலில் படும்படி பட்டையை இறுக்கி, இடம் சரிதானா என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் பஞ்சைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஃபாக் கனத்த நாளில் இத்தனை படிகளை வரிசை தப்பாமல் செய்ய என்னால் ஆகாது. கிளிப்புக்கு வேலை கம்மி. காதுத் துளைக்கு மேலே இருக்கும் குழிவைத் துடைத்து, மின்முனையை ஈரப்படுத்தி மாட்டி, சுள்ளென்று தெரியும்வரை கூட்டி, பிறகு ஒரு படி குறைத்தால் போதும். அப்புறம் படுத்துக்கொள்ளலாம். சிறு வேலைக்கே மறுநாள் சுருண்டு விழுபவர்களுக்கு, படுத்தபடி செய்ய முடிவதே பெரிய விஷயம். பெரும்பாலும் இடது காதுதான். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவுக்கு வலது வேகஸ்தான் அதிகம் போகிறது என்பதால் வந்த முன்னெச்சரிக்கை அது.

பலன்? தூக்கம் நன்றாகவே மாறியது, படபடப்பு குறைந்தது. சொல் தேடித் தடுமாறுவது குறைந்ததற்குக் கிளிப்தான் காரணமா, நல்ல தூக்கமா, தானாகவே தேறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஃபாக் கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். அதனால் ஒரு முழுச் சுழற்சியாவது குறிப்பெழுதாமல் எந்தக் கருவிக்கும் மார்க் போடாதீர்கள். டிடிசிஎஸ்ஸை மருத்துவமனையில் கொஞ்சம் முயன்று பார்த்ததோடு சரி, நீண்டகால அனுபவம் எனக்கில்லை. ஃபாகைவிட மனச்சோர்வுதான் பெரிய பாரம் என்றால், அதற்கு டிடிசிஎஸ்ஸில் பல வருட ஆராய்ச்சி இருக்கிறது. டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் இரும்புச்சத்து, பி12, தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இவற்றில் எது குறைந்தாலும் இதே மந்தம் வரலாம், அதற்குக் கிளிப்பும் வேண்டாம், பட்டையும் வேண்டாம்.