ஆளில்லாக் கரைக்கு ஏற்ற 8 அடி ஃபோம் போர்டு

புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றுவிட்டது. தந்திராயன்குப்பம் பக்கம் கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களை ஒட்டி நீர் வேகமாக உள்ளே இழுக்கும், புதியவர்களுக்கு ஆகாது. தெற்கே வீராம்பட்டினம் தாண்டினால் காலடியில் மணல்தான். விடியற்காலையில் அலையில் யாரும் இருக்க மாட்டார்கள், தவறைச் சொல்லித்தரவும் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பலகையில் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங் பழக 8 அடி ஃபோம் போர்டைவிட நல்லது இல்லை.

22 அங்குலத்துக்கு மேல் அகலமும் 3 அங்குலத்துக்கு மேல் தடிமனும் இருந்தால் 75 கிலோ ஆளையும் தாங்கும். 6 அடி போர்டு தூக்க எளிது, ஆனால் தயவுசெய்து வாங்காதீர்கள். உடைந்து வரும் வெண்ணுரை அலையில் அது எளிதில் நகராது, நிற்கும் முன்பே கவிழ்த்துவிடும்.

இடுப்பளவு நீரில் போர்டைக் கரையைப் பார்த்துத் திருப்பிப் படுங்கள். முனை நீருக்கு மேல் இரண்டு, மூன்று விரல்கடை நிற்க வேண்டும். முன்னே நகர்ந்து படுத்தால் முனை குத்தும், பின்னே போனால் வால் இழுத்து அலை நழுவிவிடும். நுரை நெருங்கும்போது கைகளால் நீரை நான்கு முறை வலித்து, நெஞ்சுக்குக் கீழே கையை ஊன்றி எழுங்கள். விளிம்பைப் பிடித்து எழுந்தால் போர்டு சாயும். உங்களுக்கும் அலைக்கும் நடுவே மட்டும் போர்டைப் பிடிக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

பெரும்பாலும் கெடுவது லீஷ், அதாவது போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு, கட்டும் இடம்தான். வாலில் உள்ள குழியில் சின்னக் கயிறு போட்டு, அதில் லீஷின் துணிப்பட்டையை மாட்டுவோம். அந்தக் கயிறு விளிம்புவரை நீண்டிருந்தால், விழும்போதெல்லாம் ஃபோமை அறுக்கும். விளிம்பில் படுவது பட்டையாக இருக்கும்படி கயிற்றைச் சுருக்கிக் கட்டுங்கள். லீஷும் 8 அடி இருக்கட்டும், குட்டையானால் போர்டு எகிறித் தலைக்கே வரும். கால்பட்டை வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடிக்காது, நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர்டின் அடியில் வால் பக்கம் இருக்கும் ஃபின் என்ற துடுப்பின் திருகையும் கையோடு முறுக்கிவிடுங்கள்.

இன்னொரு எதிரி நம் வெயில். சித்திரையில் மூடிய காருக்குள் விட்டால் மேல்தோல் கொப்புளமாக எழும்பிவிடும், பிறகு அது ஒட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த போர்டை எடுக்கவே வேண்டாம். இவ்வளவு மிதக்கும் பலகையைப் பெரிய அலைக்கு அடியில் அமுக்க முடியாது, அடித்துக் கரைக்கே தள்ளும். மற்ற மாதங்களிலும் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும் காலைதான் நேரம், கடல்காற்று ஏறினால் அலை குலைந்துவிடும். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தையும் கரைவலை இழுக்கும் இடத்தையும் விட்டு விலகி இறங்குங்கள். துணைக்கு ஒருவர் கரையில் நிற்கட்டும். திருக்கை மணலில் படுத்திருக்கும், காலைத் தேய்த்தபடி நடங்கள்.

பழைய போர்டு வாங்கினால் மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று அமுங்கினாலோ, வாலைத் தூக்கும்போது அளவுக்கு மீறிக் கனத்தாலோ உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.