கேலக்ஸி எஸ்ஸா, கேலக்ஸி நோட்டா: பெயர் ஒன்றுக்கு, உடம்பு இன்னொன்றுக்கு

சாம்சங்கின் எஸ்25 அல்ட்ராவை எடுத்து, பெயரை மட்டும் மறைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளங்கையை நிறைக்கும் திரை, 5000 எம்.ஏ.எச். பேட்டரி, கீழ்ப் பக்கம் செருகியிருக்கும் பேனா. 2014இல் போன் வாங்கிய யாரிடம் காட்டினாலும் 'இது நோட் ஆச்சே' என்பார். சாம்சங்கின் இன்னொரு வரிசையான நோட் என்ற பெயரில் கடைசியாகப் போன் வந்தது 2020 ஆகஸ்டில். பெயர்ச் சண்டையில் எஸ் ஜெயித்தது, ஆனால் ஜெயித்தபோது அது நோட்டின் உடம்புக்குள் இருந்தது.

ஐபோனா கேலக்ஸியா என்று சண்டை போட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒரே கம்பெனிக்குள் ஒன்பது ஆண்டு நடந்த இந்தப் பங்காளிச் சண்டை அதைவிடச் சுவாரசியம். பழைய மாடல் வாங்கலாமா, புதிதாக எதை எடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இந்தக் கதை உதவும்.

தொடக்கத்தில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. 2010இல் வந்த முதல் கேலக்ஸி எஸ், 4 அங்குலத் திரையும் 1500 எம்.ஏ.எச். பேட்டரியும் கொண்ட, 120 கிராமைத் தாண்டாத போன். 2011இன் எஸ்2 திரையை 4.3 அங்குலமாக்கியது, எடையையும் கொஞ்சம் குறைத்தது. மெல்லிசாக, வேகமாக, சட்டைப் பையில் அடங்குவதாக இருக்க வேண்டும் என்பதே எஸ்ஸின் கணக்கு. அதே 2011 செப்டம்பரில் பெர்லின் ஐஎஃப்ஏ மின்னணுக் கண்காட்சியில் முதல் நோட் வந்தது. 5.3 அங்குலத் திரை, 2500 எம்.ஏ.எச். பேட்டரி, 178 கிராம் எடை, கூடவே ஒரு பேனா. காதில் வைத்துப் பேசினால் பாதி முகம் மறைகிறது என்று கிண்டல் செய்யாத விமர்சகர் குறைவு. போனும் இல்லாமல் டேப்லெட்டும் இல்லாமல் இருந்ததால் 'ஃபேப்லெட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கிண்டலில் நியாயமும் இருந்தது. அந்த நோட்டின் அகலம் கிட்டத்தட்ட 83 மி.மீ. 2025இன் எஸ்25 அல்ட்ராவின் அகலம் 77.6 மி.மீ.தான். திரை 5.3இலிருந்து 6.9 அங்குலத்துக்குப் போனபிறகும் உடம்பின் அகலம் குறைந்திருக்கிறது. ஓரங்களை ஒட்ட வெட்டி, திரையை உயரவாக்கில் இழுத்ததால் வந்த மாற்றம் இது. அதனால் அங்குலக் கணக்கை மட்டும் வைத்துப் பழைய போனையும் புதிய போனையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கையில் பிடிக்கும்போது தெரிவது அகலம்தான்.

பேனா என்ற வித்தியாசம்

நோட் வாங்கியவர்களில் எத்தனை பேர் பேனாவை நிஜமாகவே பயன்படுத்தினார்கள் என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும். ஆனால் அந்தப் பேனா வெறும் ரப்பர் முனைக் குச்சி அல்ல. ஜப்பானின் வாகாம் கம்பெனியின் தொழில்நுட்பம் அது. திரைக்குப் பின்னால் ஒரு தனி அடுக்கு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். அதனால் எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரி தேவையில்லை. முனையைத் திரைக்குச் சற்று மேலே பிடித்தாலே போனுக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கை திரையில் பட்டாலும் குழம்பாது. முதல் நோட் 256 அளவு அழுத்த வேறுபாட்டை உணர்ந்தது, அடுத்த வருடத்து நோட் 2 அதை 1024 ஆக்கியது. நோட் 5இல் வந்த வசதியை நான் இன்னும் மேலாகச் சொல்வேன்: திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவி, கருப்புத் திரையில் அப்படியே எழுதலாம். போனைத் திறக்க வேண்டாம், ஆப்பைத் தேட வேண்டாம். ஒரு போன் நம்பரையோ கணக்கையோ குறித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி வேறு எந்த போனிலும் நான் பார்த்ததில்லை.

இந்த வசதிக்காக நோட் கொடுத்த விலை இடம். பேனாவுக்கு உடம்பில் ஒரு குழி வேண்டும், அந்த இடத்தைப் பேட்டரி இழக்கும். 2012, 2013இல் இது பெரிதாகத் தெரியவில்லை. எஸ்3க்கு 2100 எம்.ஏ.எச்., நோட் 2க்கு 3100. எஸ்4க்கு 2600, நோட் 3க்கு 3200. உடம்பு பெரிது என்பதால் பேனா போக மீதியே எஸ்ஸைவிட அதிகம். ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டுமா, நோட் எடு என்று யோசிக்காமல் சொல்லலாம்.

2014 இரண்டு வரிசைக்கும் நல்ல வருடம், என் கணக்கில் நோட்டின் உச்சமும் அதுதான். எஸ்5 நீர் புகாத ஐபி67 தரத்தோடு வந்தது, கழற்றக்கூடிய மூடி இருந்தும்கூட! பிளாஸ்டிக் முதுகைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. நோட் 4 உலோகச் சட்டம், குவாட் எச்டி திரை, கை ஆடினாலும் படம் கலங்காத 16 மெகாபிக்சல் கேமரா, மெமரி கார்டு, கழற்றி மாற்றும் பேட்டரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தது. பேட்டரி வீங்கினால் நகத்தால் மூடியைத் திறந்து புதியது போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வருடமே இதெல்லாம் போனது. எஸ்6 கண்ணாடி உடம்போடு அழகாக வந்தது, மெமரி கார்டும் கழற்றும் பேட்டரியும் நீர்ப் பாதுகாப்பும் இல்லாமல். 2550 எம்.ஏ.எச். என்பது முந்தைய எஸ்5இன் 2800ஐவிடக் குறைவு. சரி, எஸ் அழகுக்காக வாங்கும் போன், நோட் அப்படிச் செய்யாது என்று நம்பியவர்களுக்கு 2015 ஆகஸ்ட் 13 அன்று பதில் கிடைத்தது. நோட் 5இலும் அதே வெட்டு. அதே நாளில் அறிமுகமான எஸ்6 எட்ஜ் பிளஸ்ஸுக்கும் அதே 5.7 அங்குலத் திரை, அதே 3000 எம்.ஏ.எச். பேட்டரி, அதே சிப், அதே 4 ஜிபி ரேம். ஒன்றில் பேனா, இன்னொன்றில் வளைந்த ஓரம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் நோட் 5ஐ விற்காமல், எட்ஜ் பிளஸ்ஸை மட்டும் கடைக்கு அனுப்பினார்கள். நோட்டைக் கொன்றது நோட் 7 என்று பலரும் சொல்வார்கள். எனக்கு 2015 ஆகஸ்ட்தான் அந்த நாளாகத் தெரிகிறது. எஸ் பெரிதாகிவிட்டால் நோட்டுக்குத் தனியாக என்ன வேலை?

நோட் 7

இதைத் தாண்டிப் போக முடியாது. 2016 ஆகஸ்டில் வந்த நோட் 7 பார்ப்பதற்கு அந்த வருடத்தின் அழகான போன்: இரு பக்கமும் வளைந்த கண்ணாடி, ஐபி68, கருவிழியைப் படிக்கும் சென்சார். இந்தியாவில் 59,900 ரூபாய் என்று விலை சொல்லி முன்பதிவும் வாங்கினார்கள். விற்பனை தொடங்குவதற்குள் பேட்டரி தீப்பிடிக்கும் செய்திகள் வந்தன. செப்டம்பர் 2 அன்று உலகெங்கும் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற முடிவானது. மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. அக்டோபரில் மாடலையே நிறுத்தினார்கள்.

2017 ஜனவரியில் வந்த விசாரணை முடிவு கவனிக்க வேண்டியது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்ததில், இரண்டு சப்ளையர்களின் பேட்டரியிலும் வெவ்வேறு குறை இருந்தது. முதல் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் செய்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பேனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். அதே செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் ஒரு போன் புகைந்தபோது எல்லோரும் நோட் 7 என்றே நினைத்தார்கள். அது நான்கு வருடப் பழைய நோட் 2.

பாதிப்பு அடுத்த மாடலின் பேட்டரியில் தெரிந்தது. 2017 மார்ச்சில் வந்த எஸ்8 பிளஸ் 6.2 அங்குலம், 3500 எம்.ஏ.எச்., 64,900 ரூபாய். ஆகஸ்டில் அறிமுகமான நோட் 8 6.3 அங்குலம், 3300 எம்.ஏ.எச்., 67,900 ரூபாய். பெரிய போனில் சின்ன பேட்டரி. நோட் என்றால் நாள் முழுக்கத் தாங்கும் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைந்தது. மூவாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் கிடைத்தவை பேனாவும் இரட்டைக் கேமராவும். அந்த இரட்டைக் கேமரா ஆறு மாதத்தில் எஸ்9 பிளஸ்ஸுக்கும் வந்துவிட்டது.

நோட் 9 விதிவிலக்கு. 4000 எம்.ஏ.எச். பேட்டரி, ஹெட்போன் துளை, மெமரி கார்டு, கைரேகை, நீர்ப் பாதுகாப்பு, 512 ஜிபி வரை சேமிப்பு. பேனாவுக்குள் ப்ளூடூத் வைத்து, தூரத்திலிருந்து பட்டனை அழுத்திப் படம் எடுக்க வைத்தார்கள். உள்ளே நாற்பது நொடி செருகி வைத்தால் அரை மணி நேரம் ஓடும். அந்த 2018இல் எஸ்9 பிளஸ்ஸையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நோட் பக்கம்தான் என் கை போகும்.

அப்புறம் சரிவு வேகமானது. 2019இல் எஸ்10 பிளஸ் 4100 எம்.ஏ.எச். பேட்டரியோடும் ஹெட்போன் துளையோடும் வந்தது. ஆறு மாதம் கழித்து வந்த நோட் 10இல் துளை இல்லை, சின்ன மாடலில் மெமரி கார்டும் இல்லை, பேட்டரி 3500. 2020இல் எஸ்20 அல்ட்ரா 6.9 அங்குலம், 5000 எம்.ஏ.எச். என்று நோட்டின் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. நோட் 20 அல்ட்ரா 4500 எம்.ஏ.எச்.தான், ஆனால் எஸ்20 அல்ட்ராவின் கேமரா ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறியதை லேசர் சென்சார் வைத்துச் சரிசெய்தது. படம் எடுப்பதில் இரண்டில் நோட்டே மேல். சாதாரண நோட் 20தான் வெட்கக்கேடு: பிளாஸ்டிக் முதுகு, நொடிக்கு 60 தடவை மட்டும் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரை, 77,999 ரூபாய். அதே ஆண்டு 49,999 ரூபாய்க்கு வந்த எஸ்20 எஃப்இ 120 ஹெர்ட்ஸ் கொடுத்தது. அந்த 2020இல் எஸ்20, நோட் 20 இரண்டு வரிசையிலும் இந்தியாவுக்குச் சாம்சங்கின் சொந்தத் தயாரிப்பான எக்ஸினோஸ் 990 சிப்தான் வந்தது. கொரியாவிலேயே இதைவிட நன்றாக ஓடும், குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் சிப்போடு விற்றுக்கொண்டு நமக்கு இதை அனுப்பியது எரிச்சலான விஷயம்.

2021இல் நோட் வரவில்லை. எஸ்21 அல்ட்ராவின் திரை பேனாவை ஏற்றது, ஆனால் பேனாவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, உறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த எஸ்22 அல்ட்ரா பேனாவுக்கான குழியோடும் சதுர மூலைகளோடும் வந்தது. பெயர்ப் பலகை மாற்றிய நோட் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த வருடம்தான் இந்தியாவுக்கான அல்ட்ராவிலும் ஸ்னாப்டிராகன் வந்தது.

இன்று எதை வாங்கலாம்

இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்தபிறகு வந்த நல்லது ஆயுள். நோட் 20 அல்ட்ரா ஆண்ட்ராய்டு 13உடன் நின்றுவிட்டது. எஸ்24இலிருந்து ஏழு வருட அப்டேட் உறுதி. கெட்டது, போட்டி போன பிறகு வந்த மெத்தனம். எஸ்20 அல்ட்ராவிலிருந்து எஸ்25 அல்ட்ரா வரை ஆறு தலைமுறையாக அதே 5000 எம்.ஏ.எச். மெமரி கார்டு எஸ்21இலேயே போனது, சார்ஜரும் அப்போதே பெட்டியிலிருந்து போனது. எஸ்23 அல்ட்ரா வரை இருந்த 10 மடங்கு ஜூம் லென்ஸ் எஸ்24 அல்ட்ராவில் 5 மடங்கானது. எஸ்25 அல்ட்ராவில் பேனாவின் ப்ளூடூத்தையே எடுத்துவிட்டார்கள். 2018இன் நோட் 9 பேனா செய்த வேலையை, 2025இல் 1,29,999 ரூபாய்க்கு வந்த போனின் பேனா செய்யாது. ஒரே வீட்டில் நோட் இன்னும் தனியாக இருந்திருந்தால் இந்த வெட்டுக்குத் துணிந்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

பேனாவால் தினமும் எழுதுபவர்களுக்கு நான் சொல்வது எஸ்24 அல்ட்ரா. திரை தட்டையானது, எழுதும்போது முனை வளைந்த ஓரத்தில் வழுக்காது. ப்ளூடூத்தும் இருக்கிறது, ஏழு வருட அப்டேட்டும் இருக்கிறது. நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் எஸ்25 அல்ட்ராவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமில்லை. தூரத்து மேடையையோ பறவையையோ படம் எடுப்பவர் எஸ்23 அல்ட்ராவைத் தேடலாம். மெமரி கார்டும் பேனாவும் சேர்ந்தே வேண்டும் என்றால் நோட் 20 அல்ட்ராதான் கடைசி, ஆனால் அதை இரண்டாவது போனாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்டேட் நின்றுவிட்டதால் வங்கி ஆப்புகளை அதில் ஏற்ற வேண்டாம்.

பேனா வேண்டாம், கையில் அடங்கினால் போதும் என்பவருக்குச் சாதாரண எஸ்25: 6.2 அங்குலம், 162 கிராம், 70.5 மி.மீ. அகலம். 2010இன் எஸ் எதற்காகப் பிறந்ததோ அதை இன்றும் செய்வது இந்தச் சின்னதுதான். பேட்டரி 4000 எம்.ஏ.எச். மட்டுமே, வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.