28 கேட்டேன், 24-ல் கட்டிக் கொடுத்தார்

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டை ஒட்டி, பேட்மிண்டன் பேட்டுக்கு நரம்பு கட்டும் சின்னக் கடை. இரட்டையர் ஆட்டத்தில் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிப்பது என் வேலை, வலையோரம் மச்சான். அதனால் நரம்பை 28 பவுண்டு இறுக்கத்தில் கட்டக் கேட்டேன். கடைக்காரர் பேட்டைத் திருப்பிப் பார்த்தார். நரம்பு நடுவில் அறாமல் மேல் ஓரத்தில் அறுந்திருந்தது.

"ஷட்டில் நடுவுல படறதே இல்லீங்ண்ணா. நம்ம இந்திய ஆட்டக்காரரு சாத்விக் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சு 2023-ல கின்னஸ் வாங்குனாருன்னா, அவரு தோள் வேறங்க. உங்களுக்கு 24 போதுமுங்க."

ரோஷம்தான். ஆனாலும் சரி என்றேன். 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஜி65 நரம்பு போட்டு, நரம்பு நுழையும் துளைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாயான குரோமெட்டில் தேய்ந்த இரண்டையும் காசு வாங்காமல் மாற்றினார். முழங்கை வலி இப்போது பரவாயில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று மூன்று நாள் இழுத்ததுதான் கடுப்பு. அதுவரை மச்சானிடம் இரவல் பேட்.