மாமாவுக்கு ஒரு குதிரை: ஓவியமா, மரமா, ஓலையா?

சின்ன மாமாவுக்கு வருகிற கார்த்திகையில் 75 வயது. இருப்பது ஸ்காபரோவில். ஊரில் இருந்த காலத்தில் மாட்டு வண்டிச் சவாரிப் போட்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம். கனடாவுக்குப் போன பிறகு அந்தப் பைத்தியம் அப்படியே குதிரை ரேஸுக்கு மாறிவிட்டது. சனிக்கிழமை போன் எடுத்தால் ஆள் வூட்பைன் திடலில்தான் நிற்பார். மாமி இதைப் பற்றிக் கதைக்க விரும்புவதில்லை. நானும் இங்கே கதைக்கவில்லை.

மச்சாள் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: “அப்பாவுக்கு ஊரில இருந்து ஒரு குதிரை செய்விச்சு அனுப்புவியா? கடையில வாங்கிற சாமான் வேண்டாம்.”

எந்தக் குதிரை என்று கேட்கத் தேவையில்லை. மாமாவுக்கு உலகத்தில் ஒரே குதிரைதான்: செக்ரெட்டேரியட். 1973 ஜூன் 9, நியூயோர்க்கில் பெல்மொன்ட் ஸ்டேக்ஸ் என்ற ரேஸ். ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 செக்கனில் ஓடி, இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னுக்கு விட்டது. மண் திடலில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. மாமா அப்போது மானிப்பாயில் வேலை தேடிக்கொண்டு திரிந்தவர். ஆனாலும் வேலியில் சாய்ந்து நின்று பார்த்த ஆள் மாதிரித்தான் சொல்லுவார். அதற்குக் கனடாவும் ஒரு காரணம். ஓட்டிய ரொன் டேர்க்கொட் நியூ பிரன்ஸ்விக் ஆள், பழக்கிய லூசியன் லோறின் கியூபெக் ஆள், அந்தக் குதிரை கடைசியாக ஓடியதும் 1973 ஒக்ரோபர் 28 இல் மாமாவின் வூட்பைனில்தான்.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யக்கூடிய ஆக்கள் யார் யார் என்று விசாரித்ததில் மூன்று பேர் தேறினார்கள். ஒருவர் கோயில் சுவரும் சவாரி மாடும் வரைகிற ஓவியர். ஒருவர் கோயில் வாகனம் செய்கிற ஆசாரியார். மூன்றாவது, பனையோலை பின்னுகிற ஒரு அக்கா. மூன்று பேரிடமும் ஒரே படங்களைக் கொண்டுபோனேன். அளவுகோலும் ஒன்றுதான்: அடியில் பெயர் எழுதக் கூடாது, மாமா பார்த்த உடனே பெயரைச் சொல்லவேணும். ரேஸ் பார்க்கிற ஆளிடம் அழகான குதிரை ஒன்றைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. நெற்றியில் உள்ள சுட்டி, எந்தெந்தக் கால் வெள்ளை, ஓட்டுகிறவரின் சட்டை நிறம், சேணத்துணி இலக்கம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதலில் ஓவியரிடம் போனேன். குதிரை வரைந்திருக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். “தம்பி, சவாரி மாட்டுக்காரருக்குக் கீறிக் குடுக்கிறவன் எந்த மிருகத்தையும் கீறலாம்.” அதில் உண்மை இருக்கிறது. சோடி மாட்டை வரைந்து கொடுத்தால் சொந்தக்காரர் கொம்பின் வளைவையும் முதுகில் உள்ள சுழியையும் எண்ணிப் பார்ப்பாராம். சுழி இடம் மாறினால் காசு வராதாம். ரேஸ் குதிரைகளின் அடையாளப் பத்திரத்திலும் சுழிகளை இடம் குறித்துத்தான் வைப்பார்கள் என்று நான் சொல்ல, மனுசனுக்கு ஒரே புளுகம்.

ஓவியத்தின் பலமே இந்த நுணுக்கம்தான். செக்ரெட்டேரியட் செவலை. நெற்றியில் சுட்டி, அதிலிருந்து மூக்குவரை ஒடுங்கிய வெள்ளைக் கோடு, மூன்று கால்களில் வெள்ளை. இவ்வளவையும் மற்ற இரண்டு கைவேலையும் காட்ட முடியாது. அதோடு ஓட்டத்தைக் காட்ட ஓவியத்துக்கு இடம் இருக்கிறது: எழும்புகிற மண், பின்னால் புள்ளி புள்ளியாக வருகிற மற்றக் குதிரைகள், தலையைத் திருப்பி உள்திடலில் இருக்கிற பலகையைப் பார்க்கிற டேர்க்கொட்.

பலவீனமும் இங்கேதான் வந்தது. முதல் தடவை வரைந்து காட்டியபோது முன்னங்கால் இரண்டும் முன்னுக்கு, பின்னங்கால் இரண்டும் பின்னுக்கு, வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இது அவருடைய பிழை மட்டும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 இல் இங்கிலாந்தின் எப்சம் டேர்பி ரேஸை வரைந்தபோதும் குதிரைகளின் கால்களை இப்படித்தான் நீட்டிவிட்டார். 1878 இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர் கமராக்களை வரிசையாக வைத்து எடுத்த பிறகுதான் சங்கதி வெளித்தது. நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்புகிற கணத்தில் அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்குக் கீழே மடிந்து கூடியிருக்கின்றன. இதைச் சொன்னதும் கோபிக்காமல் திருத்தினார்.

இரண்டாவது பிழையை நான்தான் காவிக்கொண்டு போனேன். இணையத்தில் எடுத்த படங்களில் ஒன்று இடம்வலம் புரட்டிய படம். சேணத்துணியில் 2 என்ற இலக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரிக் கிடந்திருக்கிறது. ஓவியர் அதைக் கண்டு, ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்து, இலக்கத்தை மட்டும் நேராக எழுதிவிட்டார். கால்களை மாற்றவில்லை. ஆக, வெள்ளை இருக்கவேண்டிய முன்னங்கால் வெறுமையாகவும் வெறுமையாக இருக்கவேண்டியது வெள்ளையாகவும் வந்துவிட்டது. மாமா அதைப் பார்த்திருந்தால் ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். ரேஸ் படம் கொடுத்து வரைவிக்கிற எவருக்கும் நான் சொல்லுவது: அமெரிக்கத் திடல்களில் குதிரைகள் இடஞ்சுழியாகத்தான் ஓடும். உள்வேலி குதிரைக்கு இடப் பக்கம் இருக்கவேணும். வலப் பக்கம் இருந்தால் படம் புரண்டிருக்கிறது. இங்கிலாந்துப் படத்துக்கு இந்த விதியை நம்ப வேண்டாம், அங்கே அஸ்கொட்டில் வலஞ்சுழியாக ஓடுகிறார்கள்.

அனுப்புவதற்கு ஓவியத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்டி, குழாயில் போட்டால் முடிந்தது. உட்பக்கமாகச் சுருட்டினால் வர்ணம் நெரிபடும். ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக் கடும் குளிரில் விறைத்து வெடிக்கக்கூடியது. மார்கழி, தை மாதங்களில் கனடாவுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்த கையோடு விரித்தால் கதை கந்தல்.

ஆசாரியாரின் பட்டடை வேறு உலகம். நான் போனபோது ஒரு கோயிலின் குதிரை வாகனம் பாதி முடிந்து நின்றது. வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி ஏறுகிற குதிரை. அகன்ற நெஞ்சு, வில்லாக வளைந்த கழுத்து, திறந்த வாய், பல் வரிசை, தூக்கிய முன்னங்கால்கள். பார்த்தால் கை கூப்பத் தோன்றும். அந்தக் கைக்கு ரேஸ் குதிரை வருமா என்பதுதான் கேள்வி.

முழு உருவமாகக் களிமண்ணில் ஒரு சாண் அளவுக்குப் பிடித்துக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பக்கத்து வீட்டு ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, “எந்தக் கோயிலுக்குத் தம்பி?” என்றார். அதோடு முழு உருவம் என்ற பேச்சு முடிந்தது.

ஆசாரியாரிடம் இதைச் சொன்னபோது அவர் தந்த விளக்கம் நியாயமானது. வாகனத்தின் முதுகு விக்கிரகத்தையும் சாத்துப்படியையும் தாங்கவேணும், தோளில் தூக்குகிற ஆக்களின் ஆட்டத்தையும் தாங்கவேணும். அதனால் உடம்பு தடித்து, கால் குறுகித்தான் வரும். “சாமி ஏறாத குதிரைக்கு முதுகு எப்பிடி வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது.” உயிருள்ள குதிரைகளை அவர் அளந்து பார்த்ததும் நெடுந்தீவில்தான். குறிகட்டுவானில் படகேறிப் போய், அங்கே காட்டில் திரிகிற குதிரைகளைத் தூர நின்று கண்ணால் அளந்தவராம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை அவை. கட்டையான கால், உருண்ட வயிறு. செக்ரெட்டேரியட் தோளடியில் 16 கை 2 அங்குலம். குதிரைக் கணக்கில் ஒரு கை 4 அங்குலம் என்பதால் மொத்தம் 66 அங்குலம். நெடுந்தீவுக் கண்ணோடு அதைச் செதுக்கினால் பொதிக் குதிரைதான் வரும்.

அதனால் தலையும் கழுத்தும் மட்டும் என்று பேசி முடித்தோம். இந்த முடிவில் எனக்கு இன்றுவரை திருப்தி. வாயை மூடச் சொன்னேன். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, எவ்வளவு வேகமாக ஓடினாலும் மூக்குத்தான். ஆகவே விரியவேண்டியது மூக்குத் துவாரம். கேட்ட உடனே உளியை எடுத்து மூக்கைச் சுற்றி இரண்டு வரி இழுத்துக் காட்டினார் பாருங்கள், களிமண் பொம்மை மூச்சு விட்டது. முப்பது நாற்பது வருசம் யாளியும் சிங்கமும் செதுக்கிய கைக்கு அது இரண்டு நிமிட வேலை.

மரம் வேம்பு. வர்ணம் பூச வேண்டாம் என்றது அவருடைய யோசனை. வேம்பின் வயிரம் சிவந்த கபிலம், எண்ணெய் பூசினால் செவலைக் குதிரையின் தோல்தான். சுட்டிக்கு அதே மரத்தின் வெளிறிலிருந்து ஒரு சீவலை எடுத்து நெற்றியில் பதிக்கலாம் என்றார். ஓவியர் தூரிகையால் வைத்த வெள்ளையைவிட எனக்கு இது பிடித்தது. ஆனால் கறுப்புக் குதிரைக்கோ சாம்பல் குதிரைக்கோ இந்த வழி உதவாது. அதுவும் சாம்பல் குதிரை வயது போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். எந்த வருசத்துக் குதிரை என்று பார்த்து நிறம் வைக்கவேணும். அதற்கு ஓவியர்தான் சரி.

மரத்தின் தலையிடி அனுப்புவதில். பாரம் ஒருபுறம். பெட்டி மரப்பலகை என்றால் அந்தப் பலகையின் உள்மரம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்கவேணும். இல்லையென்றால் துறைமுகத்தில் மறிப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் வெடிப்பு. எங்கள் உப்புக் காற்றில் கிடந்த மரம் கனடா மாரியில் ஹீற்றர் போட்ட வீட்டுக்குப் போனால் சுருங்கும். நன்றாக முற்றிக் காய்ந்த கட்டை எடுத்து, உள்ளே குடைந்து பொந்தாக்கிவிடவேணும். செலவைக் கேட்டீர்கள் என்றால், ஓவியத்தைப் போல மூன்று மடங்கு. காலத்தைக் கேட்காதீர்கள். கோயில் கொடியேறினால் ஆசாரியாரைப் பிடிக்க முடியாது.

ஓலைக்கார அக்காவிடம் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். பெட்டியும் சுளகும் பின்னுகிற கை, குதிரை என்றால் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கிற ஓலைக் குதிரைதானே வரும் என்று நினைத்தேன். வந்ததும் அதுதான், நாலு காலும் ஒரு வாலும். ஆனால் மேசையில் பரப்பிவைத்த படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவ, குதிரையை விட்டுவிட்டு ஓட்டுகிறவரின் சட்டையில் விரலை வைத்தா. “இது எங்கட பின்னல் தானே?”

செக்ரெட்டேரியட்டின் சொந்தக்காரரான மெடோ ஸ்டேபிளின் நிறம் நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக. குதிரையின் கண்மறைப்பும் அதே கட்டம். ஒன்று விட்டு ஒன்று சாயம் போட்ட ஓலையை வைத்துப் பின்னினால் அந்தக் கட்டம் தானாக விழும். ஓவியர் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து வியர்த்த இடம் அது. குருத்தோலையை வார்ந்து, பாதியை நீலச் சாயத்தில் அவித்து, ஒரு முழம் அளவுக்குப் பின்னித் தந்தா. மெல்லிய கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டால் தீர்ந்தது. குதிரையே இல்லாத குதிரைப் படம்.

எல்லாக் குதிரைக்கும் இது வாய்க்காது. கட்டமும் கோடும் பின்னலுக்கு உரியவை. வட்டப் பொட்டுப் போட்ட சட்டை என்றால் அக்காவாலும் முடியாது, பொட்டை வெட்டி ஒட்டவேண்டியதுதான், ஒட்டினால் பார்வை கெட்டுவிடும். ஓலை காலப்போக்கில் மஞ்சளிக்கும், உலர்ந்த வீட்டில் நொறுங்கும், வெயில் படுகிற சுவரில் சாயம் வெளிறும். விலை மூன்றிலும் குறைவு. அக்கா கேட்ட காசை நான்தான் கூட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் விரல் நோகப் பின்னியவருக்கு அந்தக் காசு காணாது.

கடையில் கிடைக்கிற பிசின் வார்ப்புச் சிலைகளையும் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்து, கால் வெள்ளையை மட்டும் மாற்றி, நாலு குதிரைப் பெயரில் விற்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பெயர் எழுதாமல் பெயர் சொல்லவைக்கிற சோதனையில் எனக்கு ஓலை முதலாவது, திருத்திய ஓவியம் இரண்டாவது, மரம் மூன்றாவது. வீட்டில் வைத்துத் தினமும் பார்க்க எது வேண்டும் என்று கேட்டால் வரிசை தலைகீழ், மரத்தை விடமாட்டேன். மச்சாளுக்கு இரண்டையும் சொன்னேன். ஓலையை உடனே அனுப்பச் சொன்னாள், தலையை எப்போது முடிந்தாலும் அனுப்பச் சொன்னாள். ஓவியத்துக்கு நான் காசு கட்டி எடுத்து வீட்டில் மாட்டியிருக்கிறேன், கால் திருத்திய பிறகு.

போன கிழமை பட்டடைக்குப் போனபோது செவலைத் தலை கோயில் குதிரைக்குப் பக்கத்தில் எண்ணெய் பூசி இருந்தது. சுட்டி பதித்தாயிற்று. அந்த பெல்மொன்ட் ரேஸில் வென்ற பந்தயச் சீட்டுகளில் 5,617 ஐ ஆக்கள் காசாக மாற்றாமல் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டார்கள், 2 டொலர் கட்டினால் 2 டொலர் 20 சதம்தான் கிடைத்தது என்று ஆசாரியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உளியைத் துடைத்தபடி கேட்டார்:

“அப்ப உங்கட மாமா எவ்வளவு கட்டினவர்?”

“கட்டேல்லை. அவர் அப்ப மானிப்பாயில.”

“ஒரு சதமும் கட்டாத குதிரைக்கோ இவ்வளவு செலவு?” என்றுவிட்டு, மூக்குத் துவாரத்தில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டார்.