மீனாட்சிபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கள்ளுஷாப்

பொள்ளாச்சியில் பஸ் ஏறி மீனாட்சிபுரம் தாண்டி இறங்கினோம். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டுக் கூரை, வாசலில் கறுப்புப் பலகை, அதில் வெள்ளையில் மலையாளத்தில் 'கள்' என்று ஒரே சொல். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இப்படி நிறைய ஷாப்புகள் உண்டு. கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் கள் இங்கிருந்துதான் அதிகம் போகிறது. நானும் மச்சானும் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வண்டி எடுக்கவில்லை. குடிக்கப் போகிறவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும், இதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது.

உட்கார்ந்ததும் "மூத்ததா, எளசா?" என்று கேட்டார்கள். காலையில் இறக்கியது எளசு, இனிப்பு இன்னும் நிற்கும். முந்தின நாளையது மூத்தது, புளித்து உறைப்பேறியிருக்கும். எளசு கேட்டோம், வந்தது மூத்தது. "இது இன்னைக்குக் காலைல எறக்குனதுங்களா?" என்றேன். பரிமாறியவர் குப்பியை மோந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் போய் வேறு வைத்தார். இரண்டாவது குப்பி அருமை. ஊற்றும்போதே பொங்கியது, நாக்கில் சுருக்கென்றது, விழுங்கிய பிறகு தென்னம்பாளையின் பச்சை வாசம் தொண்டையில் தங்கியது. கலப்படக் கள்ளில் இனிப்பு ஒரு பக்கம், கசப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், இந்த வாசம் வராது.

எங்கள் தாத்தா பாளை சீவியவர் என்பதால் இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் அந்தியும் நுனியை மெல்லிசாகச் சீவினால் சாறு சொட்டும். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ள சாறு. அதைப் பிடிக்கும் மண்முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது தெளுவு. மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும், மரத்திலிருந்து இறக்கும்போதே பாதிக் கள். பிளஸ் டூ பையன்களுக்கு நொதித்தலைப் பாடம் நடத்திய முப்பது வருடமும் இந்தச் சுண்ணாம்பைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கப்பையும், அதாவது மரவள்ளிக்கிழங்கும், மத்திக் குழம்பும் வாங்குங்கள். குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்த குழம்பு, காரம் கண்ணைக் கலங்க வைக்கும், மாவு மாதிரி உடையும் கப்பை அதைத் தாங்கிக்கொள்ளும். போட்டி வறுவலில் எண்ணெய் மிதந்தது, அதற்குக் கொடுத்த காசு வீண்.

நான் இந்த ஷாப்பைத் தேடிப் போனதற்குக் காரணம் என் தம்பி. 1985-இல், அவனுக்கு 21 வயது, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கள்ளுக்கடையில் நான்தான் அவனுக்கு முதல் மொந்தையை வாங்கிக் கொடுத்தேன். 1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள் தடையானது. அவன் பிராந்திக்குப் போனான். 2011-இல் ஈரல் கெட்டு இறந்தான். கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன், கள்ளிலேயே அழிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மனுசன் ஏன் குடிக்கிறான் என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

படித்ததில் மனதில் நின்றவை இரண்டும் பனை இனத்தோடு சம்பந்தப்பட்டவை. மலேசியக் காட்டில் பெர்ட்டம் என்று ஒரு பனை. அதன் பூந்தேன் மரத்திலேயே நொதித்து 3.8 சதவீதம் வரை ஆல்கஹால் ஏறுகிறது. எலி அளவுள்ள ஒரு மர மூஞ்சூறு இரவெல்லாம் அதைக் குடிக்கிறது, தள்ளாடுவதில்லை. 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் போசோ கிராமத்தில் ராஃபியா பனையில் ஆட்கள் பிளாஸ்டிக் கேன் கட்டிக் கள் இறக்குகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சிம்பன்சிகள் ஏறி, இலையை மென்று பஞ்சு மாதிரி ஆக்கி, கேனுக்குள் முக்கி உறிஞ்சுகின்றன. 17 வருடத்தில் 51 முறை பார்த்துக் குறித்திருக்கிறார்கள். அந்தக் கள்ளின் சராசரி 3.1 சதவீதம்.

பழுத்து நொதிக்கும் பழத்தின் வாசனையைப் பிடித்துப் போன குரங்குக்கு உணவு கிடைத்தது, அந்த நாட்டம்தான் நமக்கும் வந்திருக்கிறது என்பது ராபர்ட் டட்லி என்ற உயிரியலாளரின் கருத்து. கூடவே, ஏறக்குறைய ஒரு கோடி வருடத்துக்கு முன் நமக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பொதுவான மூதாதைக்கு ஒரு மரபணு மாறி, ஆல்கஹாலை உடைக்கும் ஒரு நொதி 40 மடங்கு திறமையானதாம். தரையில் விழுந்து புளித்த பழத்தையும் தின்று பிழைக்க அது உதவியிருக்கும்.

ஆனால் அந்த உடம்பு பழகியது மூன்று, நான்கு சதவீதத்துக்கு. இன்று குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 42.8 சதவீதம். கணக்குப் போடுங்கள்: 180 மில்லியில் சுமார் 77 மில்லி ஆல்கஹால். ஐந்து சதவீதக் கள் என்றால் 650 மில்லி குப்பியில் 32 மில்லிதான். ஒரு குவார்ட்டர் இரண்டு குப்பிக் கள்ளுக்கும் மேல். என் தம்பி அதை நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிப்பான். எனக்கு அன்று ஒரு குப்பி தீர ஒன்றேகால் மணி நேரம் ஆனது, வயிற்றில் அதற்குமேல் இடமும் இல்லை.

அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கடையின் சிறப்பு. பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறைகள், நீள பெஞ்சு, மின்விசிறி. போய்விட்டு வா என்று யாரும் பார்வையால்கூடச் சொல்லவில்லை. மூளையில் அடக்கும் வேலை செய்யும் கேபா என்ற ரசாயனத்தை ஆல்கஹால் தூக்கிவிடுகிறது, விறைப்பாக வைத்திருக்கும் குளூட்டமேட் என்ற இன்னொன்றைத் தணிக்கிறது. அந்தத் தளர்வில் மச்சான் பதினான்கு வருடமாகப் பேசாததைப் பேசினார். "கடைசி ஒரு வருசம் அவன் என்கிட்டதான் கடன் கேட்டானுங்க மாமா. குடுத்தது நாந்தான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது, அந்த முதல் மொந்தை. சொன்னேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் நான் நிறுத்த முடிந்தவன், அவன் முடியாதவன். குடிநோயின் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி மரபணு வழி என்று தெரிந்தபோது அவன் மேல் இருந்த கோபம் போனது. அவனைத் திட்டிய நாட்கள் மட்டும் போகவில்லை.

அதனால் இந்தக் கடையை எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். குடியை விட்டவர்களைத் துணைக்கென்றுகூட அழைத்துப் போகாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது, கள்ளுக்கும் அது பொருந்தும். உடம்பில் ஆல்கஹால் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு எந்த மரத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. ஆசைக்கு வருடத்தில் ஒருமுறை, பேச ஆளோடு, என்றால் போங்கள். ஞாயிறு வேண்டாம், மதியத்துக்குள் எளசு தீர்ந்துவிடும் என்றார்கள். கழிவறை மோசம், பெண்களோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு 620 ரூபாய் ஆனது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அப்பத்துக்கு மாவு புளிக்க வைக்க வீட்டில் கொஞ்சம் கள் கேட்டிருந்தாள். எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. மிச்சமிருந்த கால் குப்பியைப் பக்கத்து அறையில் இருந்த பெரியவரிடம் கொடுத்தோம். தன்னோடு இருந்த இரண்டு பேரின் டம்ளரில் முதலில் ஊற்றிவிட்டுத் தனக்குக் கடைசியாக ஊற்றிக்கொண்டார். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, கிளம்பினோம்.